உன் ஊர்க்காரன் கேட்ட ஹாரன்

சேந்தமங்கலம் ரோடு, நாமக்கல்.
ஐப்பசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் செல்விக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் இங்கே சோற்றுக்கும் சுகத்துக்கும் குறைவில்லாமல் இருக்கிறோம். அபர்டீனில் உனக்குச் சளி இருமல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று சனிக்கிழமை தவறாமல் ஆஞ்சநேயரிடம் சொல்லிவைக்கிறேன். அவரும் கடல் தாண்டியவர்தானே, வழி தெரியாமலா போகும். கையில் போனை வைத்துக்கொண்டு இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறக்கும்போது நீ பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருப்பாய், நீ சாவகாசமாகப் பேசும்போது இங்கே குக்கர் கூவும். போன வாரம் சனிக்கிழமை நான் சொன்னதும் பாதியில் அறுந்துபோனது. யாரோ ஒரு ஏமாற்றுக்காரனுக்கு உன் தெருப் பெயர் தெரிந்துவிட்டது, கதவைத் தட்டினால் யாரென்று பார்த்துத் திற என்பது வரைக்கும்தான் சொன்னேன். மீதியைக் கேட்க உனக்கு நேரமில்லை, சொல்ல எனக்கும் தோதுப்படவில்லை, அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு அவர் ராசிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். பந்தியை விட்டு எழுந்து வருவதற்குள் இதை எழுதி ஒட்டிவிட வேண்டும்.

மழை இந்த வருஷம் நன்றாகப் பிடித்துக்கொண்டது. உன் அறையின் மேற்குச் சுவரில் ஓதம் ஏறுகிறது, உன் புத்தகங்களையெல்லாம் எடுத்துக் கட்டில்மேல் அடுக்கிவிட்டேன், அந்தக் கட்டிலில் இப்போது படுக்க யார் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுச் சென்னியம்மாள் அத்தைக்குப் பேரன் பிறந்திருக்கிறான். குழந்தையைப் பார்க்கப் போனால் அங்கேயும் உன் பேச்சுத்தான், செல்வி எப்ப வாராளாமா, லீவு குடுக்க மாட்டீங்கறாங்களாமா என்று. பொங்கலுக்கு என்றேன், அப்புறம் சித்திரைக்கு என்றேன், இப்போதெல்லாம் வருவாள் வருவாள் என்று சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது. வீட்டில் சர்க்கரை போடாத டீயைக் குடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் ரெண்டு டீ குடிக்கிறவருக்கு எந்த மாத்திரையைக் கொடுத்து என்ன. இதெல்லாம் வழக்கமான சேதி, வழக்கமில்லாத சேதி ஒன்றுக்குத்தான் இந்தக் கடிதம். இந்த வாரம் நீ கூப்பிட்டபோதெல்லாம் அப்பா குளிக்கிறார், அப்பா கடைக்குப் போயிருக்கிறார் என்று சொன்னேனே, அவர் எங்கேயும் போகவில்லை. கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். போனை நீட்டினால் வேண்டாம் என்று கையை ஆட்டினார். உன்னிடம் பேச அவருக்கு வெட்கம். பெற்ற மகளிடம் பேச ஒரு மனிதர் வெட்கப்படுவதை நான் இப்போதுதான் பார்க்கிறேன், பார்க்கச் சகிக்கவில்லை.

எல்லாம் அந்த ஆன்லைன் ஏலத்தில் ஆரம்பித்தது. லாரியை விற்றுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதருக்குப் பொழுது போகட்டும் என்று நீதானே விமானம் ஏறுவதற்கு முன்னால் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தாய். பொழுது நன்றாகவே போயிற்று. பைபாஸ் ஓரத்துப் பழைய இரும்புக் கடைகளில் நுழைந்து பித்தளை ஹாரன், பழைய லாரியின் முகப்பில் இருக்கிற பெயர்த் தகடு, ஆயில் மீட்டர் என்று பொறுக்கிக்கொண்டு வருவார், புளி போட்டு விளக்குகிற வேலை எனக்கு. படம் பிடித்து ஏற்றினால் ஜெர்மனிக்காரரும் ஆஸ்திரேலியாக்காரரும் போட்டி போட்டுக்கொண்டு விலையை ஏற்றுகிறார்கள். நாம் எடைக்குப் போடுகிற சாமானை அவர்கள் கண்ணாடி அலமாரியில் வைக்கிறார்கள், அவரவர் பைத்தியம் அவரவருக்கு. அதில் வருகிற பணத்தை என் பேரில் தனிக் கணக்கில் போட்டு வருகிறோம், வருகிற வைகாசியில் நாங்கள் ரெண்டு பேரும் உன்னை வந்து பார்ப்பதற்கு. அப்பா பாஸ்போர்ட் வாங்கிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார், தினமும் விபூதி பூசிக்கொள்ளும்போது அதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்.

பணம் வாங்குகிற பாடத்தை நீ எனக்குத்தான் நடத்தினாய். ரசப்பொடிக்கு அளவு மாதிரி அதை மனதில் வைத்திருக்கிறேன். பேச்சு ஏலக் கடைக்கு உள்ளேயே நடக்க வேண்டும், பணமும் அதன் வழியாகவே வர வேண்டும், கமிஷன் மிச்சமாகும் என்று யார் வெளியே கூப்பிட்டாலும் போகக் கூடாது. பணம் வந்துவிட்டது என்று ஈமெயில் வந்தால் அதை நம்பி உட்காராதே, அதிலிருக்கிற நீல எழுத்தைத் தொடாதே, நீயாகவே கணக்கைத் திறந்து உள்ளே விழுந்திருக்கிறதா என்று பார். தெரியாமல் கூடுதலாகக் கட்டிவிட்டேன், மீதியை இன்னாருக்கு அனுப்பு என்று ஒருவன் சொன்னால் அவன் திருடன், நிஜமாகவே கூடுதலாக வந்திருந்தால் வந்த வழியிலேயே திரும்பிப் போகட்டும். நமக்கு வருகிற காசுக்கு நாம் எதற்கு ஓடிபி சொல்ல வேண்டும். ஏலக் கடை காட்டுகிற விலாசத்துக்குத்தான் பார்சல், அனுப்பிய ரசீதைத் தொலைக்காதே. ஜெர்மனிக்காரர் விஷயத்தில் இம்மி பிசகாமல் இப்படித்தான் நடந்துகொண்டோம், பணம் விழுந்த பிறகுதான் அட்டைப் பெட்டியையே தேடினோம். அப்பாவுக்கும் இது புதிதில்லை. லாரி ஓட்டிய காலத்தில் வாடகையில் பாதி கைக்கு வராமல் ஒரு மூட்டை ஏற்ற விட்டதில்லை, நாக்பூர் புரோக்கர்களுக்கே தண்ணி காட்டியவர்.

அப்படிப்பட்டவர் எங்கே வழுக்கினார் என்று கேள். புரட்டாசிக் கடைசியில் ரப்பர் பந்து வைத்த பித்தளை ஹாரன் ஒன்றை ஏலத்தில் ஏற்றியிருந்தோம். மார்ட்டின் என்று ஒருவன் எழுதினான், ஹாரன் பிடித்திருக்கிறது, ஏலம் முடிகிறவரை பொறுக்க முடியாது, நல்ல விலை தருகிறேன், தனியாகக் கொடுத்துவிடுங்கள் என்று. முடியாது என்று எழுதச் சொன்னேன். அப்பாவும் அதை எழுதத்தான் உட்கார்ந்தார், போகிற போக்கில் எந்த நாடு என்று கேட்டுவைத்தார். ஸ்காட்லாந்து என்றான். போயிற்று. என்ற புள்ள அங்கதானுங்க இருக்குது, அபர்டீன்ல, என்று இவர் போனில் பேச, போன் அதை இங்கிலீஷாக்கி அனுப்ப, நானும் அபர்டீன்தான் என்று அவன் எழுத, இவர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். எந்தத் தெரு என்று கேட்டிருக்கிறான், இவர் சொல்லியிருக்கிறார், அடடே என் வீடு அங்கிருந்து ரெண்டு தெரு தள்ளித்தான் என்று அவன் அடித்துவிட்டான். ஊரையும் தெருவையும் முதலில் சொன்னது நாம்தான் என்று அன்றைக்கு எங்கள் ரெண்டு பேருக்கும் உறைக்கவில்லை. உன் கதவு நம்பரைச் சொல்லவில்லை, உன் பேரையும் சொல்லவில்லை, அவர்கள் பேசியது முழுவதையும் பிறகு நானே படித்துப் பார்த்துவிட்டேன், அந்த மட்டில் பயப்படாதே.

அதற்குப் பிறகு ஏலக் கடையும் கிடையாது, சட்டமும் கிடையாது. வாட்ஸ்அப்புக்கு வாருங்கள் என்றான், போய்விட்டார். காசு முதலில் வரட்டும் என்று சொன்ன என்னை முறைத்தார். நம் பக்கம் பெண் கொடுத்த ஊரிலிருந்து ஒருவர் வாசலுக்கு வந்தால் எடுத்தவுடன் காசைப் பற்றிப் பேசுவோமா, தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, ஊரில் மழையா என்று கேட்ட பிறகுதானே மறு பேச்சு. உன்னை நாங்கள் கட்டிக் கொடுக்கவில்லை, தண்ணீர் சோதிக்கிற வேலைக்குத்தான் அனுப்பினோம், ஆனாலும் அவருக்கு அது பெண் இருக்கிற ஊர். புள்ள இருக்கற ஊர்க்காரங்கிட்ட மொதல்ல காசை வையின்னு சொன்னா, நாளைக்கு நம்ம புள்ளைக்கு அங்க என்ன மருவாதி இருக்கும் என்று என்னைக் கேட்டார். அதைக் கேட்டு நான் சிரித்திருக்க வேண்டும். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் வீட்டில் எப்போதும் போகிறவர் அப்பா, இருக்கிறவள் நான். அசாமுக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனால் வாரக் கணக்கில் ஆள் வர மாட்டார், எங்கோ ஒரு எஸ்டிடி பூத்திலிருந்து நல்லா இருக்கறேன் என்று ஒரு வார்த்தை வரும், அதோடு சரி. காத்திருப்பது எனக்கு வீட்டு வேலைகளில் ஒன்றாகப் பழகிவிட்டது. போகிறவராகவே காலத்தைக் கழித்தவருக்கு இருக்கிறவராக இருக்கத் தெரியவில்லை. வாசலுக்கும் கூடத்துக்கும் நடக்கிறார், அங்க இப்ப மணி என்ன இருக்கும் என்று என்னைக் கேட்டுவிட்டு அவரே விரல் விட்டுக் கணக்குப் போடுகிறார். வண்டி சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கிறார், நீ என்ன ராசிபுரத்திலிருந்தா வரப்போகிறாய். அந்த மனிதரிடம் உன் தெருவுக்குப் பக்கத்திலிருந்து ஒருவன் பிரதர் பிரதர் என்று தினமும் பேசினால் என்ன ஆகும் என்று நீயே யோசித்துக்கொள்.

போன வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு ஈமெயில் வந்தது. பணம் அனுப்பும் கம்பெனியிலிருந்து வருவது மாதிரியே, முத்திரை கித்திரை எல்லாம் அச்சாக. ஹாரனுக்கு உண்டான பணத்தை மார்ட்டின் கட்டிவிட்டார், அவர் இந்தியாவில் வாங்கிய மற்றச் சாமான்களையும் சேர்த்து எடுத்துப் போகிற ஏஜெண்டின் கூலியையும் உங்கள் கணக்கிலேயே கட்டிவிட்டார், அந்தக் கூலியை நீங்கள் ஏஜெண்டுக்கு அனுப்பியதும் மொத்தப் பணமும் உங்களுக்குக் கிடைக்கும் என்று எழுதியிருந்தது. கூலி என்று போட்டிருந்தது நம் டிக்கெட் பணத்தில் பெரும்பகுதி. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, அனுப்பி உடு வசந்தா, மனுசன் நம்மள நம்பி மொத்தமாக் கட்டியிருக்கறான், அடுத்தவன் காசு நம்ம ஊட்டுல தங்கக் கூடாது என்றார். கணக்கு என் பேரில், ஓடிபி என் போனுக்கு வரும். நானும் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். நீ நடத்திய பாடத்தில் ஒரு வரிகூட அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. அப்போதுதான் விளக்கேற்றிவிட்டு வந்திருந்தேன், அதனால் இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பது மட்டும் ஞாபகம் வந்தது. செவ்வாயும் வெள்ளியும் நம் வீட்டிலிருந்து காசு வெளியே போகாது, பால்காரருக்கே மறுநாள்தான். நாளைக்கு அனுப்பலாமுங்க என்றேன். வெள்ளைக்காரனுக்கு ஏது வெள்ளிக்கெழம என்று குதித்தார். காசு குடுக்கறவ வெள்ளைக்காரி இல்லீங்களே என்றேன். மூஞ்சி சிவந்துபோயிற்று, ஆனாலும் விளக்கு வைத்த வீட்டு விஷயத்தில் என் பேச்சைத் தாண்ட மாட்டார்.

நாளைக்கு அனுப்புகிறோம் என்று மார்ட்டினுக்கு எழுதினார், காரணத்தையும் மரியாதையாக விளக்கினார். உடனே அவன் வேறு ஆளாகிவிட்டான். இப்போதே அனுப்பு, இல்லாவிட்டால் உன்மேல் போலீசில் புகார் கொடுப்பேன் என்று அடுத்தடுத்து வந்து விழுந்தது. கடைசியில் ஒன்று, உன் மகள் எந்தத் தெருவில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும் என்று. அதைப் படித்ததும் அப்பா எழுந்து போய் நம் வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்தார் செல்வி. கொல்லிமலை வளைவில் பிரேக் போன லாரியை நிறுத்தியவர் அவர். காசு போனாப் போகட்டும், குடுத்துரலாம் வசந்தா, புள்ள தனியா இருக்குது என்றார். எனக்கு அந்த இடத்தில் பயம் விட்டுப்போய்க் கோபம் வந்தது. சாமானுக்குக் காசு கட்டியவன் எதற்காக மிரட்டுகிறான், இத்தனை பணத்தை நம்மை நம்பி அனுப்பியவனுக்கு ஒரு ராத்திரி பொறுக்க முடியாதா. அப்போதுதான் நீ சொன்னதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை காசு கொடுக்கத்தான் கூடாது, பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. நானே கணக்கைத் திறந்தேன். ஒரு ரூபாய் வரவில்லை. அந்த ஈமெயில் வந்த விலாசத்தை எழுத்து எழுத்தாகப் பார்த்தால் கம்பெனிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அவன் எழுதியதையெல்லாம் படம் எடுத்து வைத்துக்கொண்டு நம்பரைத் தடுத்துவிட்டேன், ஏலக் கடைக்கும் எழுதினேன், சைபர் போலீசிலும் சொன்னேன். அங்கே பேசிய பெண் நல்ல மாதிரி. காசு போகலையேம்மா, நீங்க கெட்டிக்காரங்க என்றாள். கெட்டிக்காரத்தனம் என்னுடையது இல்லை, கிழமையுடையது என்று அவளிடம் சொல்லவில்லை. மகளை நினைத்துப் பயப்பட வேண்டாம், இந்த மாதிரி ஆட்கள் எங்கேயோ ஒரு ரூமில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறவர்கள், அந்த ஊரைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றாள். எனக்கு உயிர் வந்தது. அப்பாவுக்கு அது இறங்கவே இல்லை.

டிக்கெட் பணம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் வைகாசிக்கு நீ மட்டும் போயிட்டு வா, புள்ள இருக்கற தெருவத் திருடங்கிட்டச் சொன்னவன் எந்த மூஞ்சிய வெச்சுட்டு வாரது என்கிறார். ஹாரனை மறுபடி ஏலத்தில் ஏற்றலாம் என்று அவர் கட்டிவைத்திருந்த பெட்டியைப் பிரித்தேன். ஹாரனின் வாய்க்குள்ளே தட்டுவடை. சேலத்துக்குப் போய் வாங்கி வந்து, உடையாமல் இருக்கத் துணி சுற்றி அடுக்கியிருக்கிறார். ரெண்டு தெருதானே, இதை என் மகளிடம் கொடுத்துவிடுங்கள் என்று அவனிடம் கேட்டிருக்கிறார், அவனும் தாராளமாக என்று சொல்லியிருக்கிறான். அவருடைய அவசரமெல்லாம் ஹாரனை விற்பதற்கு என்று நினைத்திருந்த எனக்கு, பெட்டியை மூடத் தோன்றவில்லை.

அவர்கள் பேசியதில் விலையைப் பற்றி நாலு வரிகூட இருக்காது. அங்க மத்தியானத்துலயே இருட்டிருதாமே, தெருவுல வெளக்கு எரியுமா, வேலை முடிஞ்சு வர்ற பொம்பளப் புள்ள பயமில்லாம நடக்கலாமா, காய்கறி எங்க வாங்கறது, காச்சல்னா கஞ்சி வெச்சுக் குடுக்க அக்கம்பக்கம் ஆளுண்டா என்று அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார். அந்தப் பாவி ஒன்றையும் விடாமல் பதில் எழுதியிருக்கிறான். விளக்கு சீக்கிரமே எரிந்துவிடும், முனையில் ரொட்டிக் கடை இருக்கிறது, விடியும்போது அதன் வாசம் தெரு முழுக்க வரும், கடல் பறவைகள் கூரையில் உட்கார்ந்து கத்தும், எதிர்வீட்டுப் பெரியவர் போகிற வருகிற எல்லோரையும் விசாரிப்பார் என்று. இதைத்தான் அப்பா தினமும் எனக்குப் படித்துக் காட்டினார். நானும் டிவியை அணைத்துவிட்டுக் கேட்டேன். கேட்டுவிட்டுப் படுத்தால், அந்த ரொட்டிக் கடையைத் தாண்டி நீ பையை மாட்டிக்கொண்டு நடந்து வருவது கண்ணுக்குள் வரும். நீ கூப்பிட்டால் நல்லாருக்கேம்மா, சாப்பிட்டேம்மா, குளுருதும்மா, வெச்சுடறேம்மா. வீடியோவில் வந்தாலும் உன் முகமும் பின்னால் ஒரு வெள்ளைச் சுவரும்தான். உன்மேல் குறை சொல்லவில்லை சாமி, உனக்கு எத்தனை வேலையோ. அந்தப் பேச்சையெல்லாம் போனிலிருந்து அழித்துவிடுங்கள், போலீசுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று, இன்னும் எதற்கு என்று அப்பாவிடம் சொன்னேன். விடவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு, அப்ப அந்த ரொட்டிக் கடையும் பொய்யா வசந்தா என்று கேட்டார். உன் தெரு என்று எங்களிடம் இருப்பது அவன் சொன்ன தெரு ஒன்றுதான். அதையும் அழித்துவிட்டால் உன்னை எங்கே வைத்து நினைப்பது.

அதனால் அப்பா பேருக்கு ஒரு கடிதம் எழுது. கோபிக்காதே, கிண்டல் பண்ணாதே, ஓடிபி பாடமும் நடத்தாதே, அதை நான் நாள் தவறாமல் நடத்திக்கொண்டிருக்கிறேன். கதவைத் திறந்தால் எதிரே என்ன தெரிகிறது, எந்தப் பக்கம் திரும்பி பஸ்ஸுக்கு நடக்கிறாய், இருட்டில் உன்னோடு கூட யார் நடந்து வருகிறார்கள், வழியில் யார் உன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், எல்லாவற்றையும் எழுது. ரொட்டிக் கடை இல்லையென்றால் இல்லை என்றே எழுது, அந்த இடத்தில் என்ன இருக்கிறதோ அதை எழுது. அதைப் படித்தால் வைகாசிக்கு அவர் தானாகக் கிளம்புவார், எனக்கு அவரைத் தெரியும்.

இந்தக் கடிதத்தோடு புதுத் தட்டுவடை வைத்திருக்கிறேன், கடல் தாண்டுவதற்குள் நொறுங்கினாலும் நொறுங்கும், ஸ்பூனில் அள்ளியாவது தின்றுவிடு, வீசிவிடாதே. தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. நோய் நொடி அண்டாமல், நினைத்தது கைகூடி, தீர்க்காயுசாக இரு அம்மிணி. நான் எழுதியது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், நீயாகவே எழுதினது மாதிரி இருக்கட்டும்.

உன் வீட்டுக் கதவு என்ன நிறம் என்றுகூடத் தெரியாமல் தினமும் அதன் முன்னால் வந்து நிற்கிற,
அம்மா
வசந்தாமணி.